வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

சென்ற புதன்கிழமை மாலை. பக்கத்து வீட்டுச் சுமதி என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, எனக்கு டெக்னீசியன் வேல குடுத்திருக்காங்க."

சொன்ன முகத்தில் சிரிப்பே இல்லை. துக்கச் செய்தி சொல்ல வந்தவள் போல் நின்றாள்.

சுமதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் பாலத்துக்கு இக்கரையில், தம்போயில் என் சுவரும் அவள் சுவரும் ஒன்று. பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பல வருஷமாக ஓப்பரேட்டர். மெஷின் ரிப்பேர் பார்க்க கம்பெனியே பயிற்சி வகுப்பு நடத்தியபோது துணிந்து பெயர் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே விட்டாள். ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து பரீட்சை எழுதி பாஸ் செய்தாள். அன்றைக்கு எனக்குக் கேசரி வந்தது. இன்றைக்கு...?

"நல்ல சேதிதானே? அப்புறம் என்னா லா?"

"வெள்ளிக்கெழமக்குள்ள பதில் சொல்லணும்க்கா. வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஆப்பிஸ்ல என்ன சொல்லிட்டு வந்த?"

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். என் கோபம் நேராக அவள் கணவர் கணேசன் மேல் பாய்ந்தது. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குப் போகிற மனிதர். பார்த்தால் சாது. சாதுவானால் என்ன, மனைவி ஒரு படி ஏறினால் பொறுக்கவில்லையே என்று மனசுக்குள் ஏசித் தீர்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அவரே வந்து மோட்டாரை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடவில்லை நான். "ஏன் தம்பி, சுமதி டெக்னீசியன் ஆனா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். "எனக்கா? நான் போகத்தான்க்கா சொல்றேன்! கூட்டாளிங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன். இவதான் வேணாங்கறா."

அப்படியானால் தடை யார்?

பஸ்.

ஆமாம், கம்பெனி பஸ்தான். அது ஓப்பரேட்டர்களுக்கு மட்டும், சிஃப்ட் நேரத்துக்குத்தான் வரும். டெக்னீசியன்கள் சிஃப்ட் தொடங்கும் முன்பே போய் மெஷின்களைத் தயார்செய்ய வேண்டும். எல்லாரும் ஆண்கள், எல்லாரிடமும் மோட்டார் இருக்கும் — இது கம்பெனியின் நினைப்பு. சுமதி வீட்டில் இருப்பதோ ஒரே மோட்டார். அந்த நேரத்தில் அது சிங்கப்பூர் பாலத்தில் நெரிசலில் நிற்கும். இன்னொன்று வாங்கலாம் என்றால் இவளுக்கு ஓட்டத் தெரியாது. பழகினாலும் அந்தப் பாசிர் கூடாங் ரோடு... கண்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும்.

"இத அங்கயே சொல்ல வேண்டியதுதானே?"

"எப்பிடிக்கா சொல்றது? இவ்ளோ படிக்க வச்சு வேல குடுக்குறோம், நீ பஸ்ஸு கேக்குறியான்னு சிரிக்க மாட்டாங்களா?"

எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. நாம் எல்லாரும் அப்படித்தானே? சேலை விற்க வந்தாலும் சரி, சீட்டுச் சேரச் சொன்னாலும் சரி... வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். மரியாதையான பதில். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. வீட்டில் நாம் கேட்பதும் இல்லை! ஆனால், வேலை கொடுக்கிறவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? புருஷன் விடமாட்டான், விஷயம் முடிந்தது, அடுத்த ஆளைக் கூப்பிடு.

"நாளைக்கே போ. பஸ்னே சொல்லு. சிரிச்சா சிரிக்கட்டும்" என்று அனுப்பிவைத்தேன்.

அனுப்பிவிட்டேனே தவிர, வியாழக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சோறு குழைந்துபோனது. சொல்லியிருப்பாளா? வாசல்வரை போய்த் திரும்பியிருப்பாளா? அதற்குள் அந்த இடத்தை வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்திருந்தால்? அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் வீணா? போன் போட்டுக் கேட்கவும் பயம்.

மாலையில் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். "சொல்லிட்டேன்க்கா."

ஆப்பிஸில் இருந்த மலாய்க்கார அம்மா (சுமதிக்கு அவர் 'புவான்') சிரிக்கவில்லையாம். கேண்டீனில் சமைக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஒரு வேன் முன்னதாகவே தம்போய் வழியாகப் போகிறதாம். அதில் சுமதிக்கு இடம் வைக்கச் சொல்லி அப்போதே டிரைவருக்குப் போன் போட்டுவிட்டாராம். ஒரே ஒரு போன்! அதற்காகவா இவள் படித்த படிப்பைத் தூக்கிப்போட இருந்தாள்?

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சுமதி மட்டும் ஏதோ யோசனையாகவே நின்றாள்.

"அந்தப் புவான் ஒண்ணு கேட்டாங்கக்கா. முன்னாடியும் சில பொம்பளைங்க இதே டிரெய்னிங்க முடிச்சாங்களாம். வேல குடுத்தப்ப எல்லாருமே வீட்டுல கேக்கணும்னு சொல்லிட்டு, அப்புறம் வேணாம்னுட்டாங்களாம். அவங்களுக்கும் பஸ்தான் பிரச்சினையான்னு கேட்டாங்க."

இத்தனை காலமாக அங்கே யாரும் இதை விசாரித்ததே இல்லை.

அந்தப் பெண்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாமாம். இன்னமும் ஓப்பரேட்டர்களாகவே, தினமும் அதே கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறார்களாம்.