கயிற்றில் கட்டிய வெள்ளைத் துணி

தங்கையின் காரியத்துக்காக வாசலில் போட்டிருந்த பந்தலின் கயிறுகளில், யாரும் தடுக்கி விழாதிருக்கப் பந்தல்காரர் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். அது காற்றில் படபடத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், நில அளவைப் பணிக்காக நைனா செஞ்சி மலையடியில் கூடாரம் அடித்திருந்தார். கோடை விடுமுறையில் நானும் அம்மாவும் அவருடன் தங்கினோம். அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. முதல்நாள் அந்தியில், சமையல் கூடாரத்திலிருந்து வரும்போது கூடாரக் கயிறு தடுக்கி, கம்பைப் பற்றித் தப்பினாள். நைனா தம் புது வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு கயிற்றிலும் கட்டினார்.

"நல்ல வேட்டி போச்சு. ஆபீசர் வந்தா இன்னாத்தக் கட்டிக்குவீங்க?" என்றாள் அம்மா.

"கூடாரத்துணி இருக்குதே," என்றார்.

மறுநாள் இருட்டியதும் காற்றில் அரிக்கேன் விளக்கு அணைந்தது. நைனா தீப்பெட்டியைத் துழாவினார். அதற்குள், நட்சத்திர வெளிச்சத்தில் துணிகளைப் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து, ஒரு கை வயிற்றிலும் மறு கை குழம்புச் சட்டியிலுமாக அம்மா வந்து சேர்ந்தாள்.

"குழம்பு சிந்தல," என்றாள். நைனா சிரித்தபோதுதான் அதுவரை அவர் மூச்சை அடக்கியிருந்தது எனக்குத் தெரிந்தது.

ஆடியில் தங்கை பிறந்தாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நிறைவாக வாழ்ந்தாள்.

பந்தல் கயிற்றில் ஒரு துணியின் முடிச்சு தளர்ந்திருந்தது. இறுக்கிக் கட்டினேன்.