செஞ்சித் தட்டுப்பாறையில் ஒன்பது குழி

1967 பொங்கலுக்கு நான் செஞ்சிக்குப் போனது கோட்டை ஏறுவதற்காக அல்ல, கோல்ஃப் ஆடுவதற்காக. சென்ற மாதம் இதைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். செஞ்சியில் கோல்ஃப் மைதானமா, எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காக இந்தப் பதிவு. அந்தப் பயணத்தின் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேரமும் தூரமும் செலவும் அதில் உள்ளபடியே தருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் ஊர் திரும்பும்போது மூன்று பழைய கோல்ஃப் மட்டைகளையும் ஒரு பை பந்துகளையும் ஆபீசில் விட்டுப் போனார். யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். விடிகாலையில் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் நானாக அடித்துப் பழகினேன். ஒரு நாள் லாரி சாமான் வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்தார். லுங்கியும் காக்கிச் சட்டையும் போட்டிருந்தார். "கையை இறுக்கிப் புடிக்காதீங்க சார், மட்டை தானா போவும்" என்றார். அவர்தான் ஜப்பார் பாய்.

செஞ்சி பஸ் நிலையத்துக்கு அருகே அவருக்கு லாரி ஒர்க்‌ஷாப். அதற்கு முன் பதினோரு வருடம் பட்டாளத்தில் டிரைவர். நீலகிரியில் இருந்த நாட்களில் அதிகாரிகளோடு சுற்றிச் சுற்றி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் ஒரு மொட்டைப் பாறையின் மேல் தானே ஒன்பது குழி வெட்டியிருக்கிறார். "நாலு வருஷமா ஆடிக்கினு இருக்கேன் சார். கூட ஆட ஊர்ல ஒரு ஆளு கெடையாது. நீங்க ஒரு தபா வாங்க" என்று முகவரி எழுதிக் கொடுத்தார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் வரச்சொல்லிக் கார்டு போட்டார். அந்த வருடம் பெருநாளும் பொங்கலும் ஒரே வாரத்தில் வந்தன.

மாட்டுப் பொங்கலன்று, ஞாயிற்றுக்கிழமை, எழும்பூரில் காலை ஆறரை மணி ரயில். பத்து மணிக்குத் திண்டிவனம். மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டு ரூபாய் சொச்சம். அங்கிருந்து செஞ்சி பதினேழு மைல், பஸ்ஸில் எண்பத்தைந்து பைசா. தேர்தல் சமயம் என்பதால் வழியெல்லாம் சுவரில் சின்னங்கள். வல்லத்தில் ஒரு பிரச்சார ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டதில் அரை மணி போயிற்று. செஞ்சியில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. கடைத்தெருவில் ஓர் அறை, நாள் வாடகை இரண்டு ரூபாய். மூட்டைப்பூச்சி உண்டு.

மறுநாள் காணும் பொங்கல். காலை ஐந்தே முக்காலுக்கு ஜப்பார் பாய் குதிரை வண்டியோடு வந்துவிட்டார். ஊருக்குக் கிழக்கே மூன்று மைல். வண்டிக்காரர் அடிவாரத்திலேயே காத்திருக்கச் சம்மதித்தார், போக வர மூன்று ரூபாய். அடிவாரத்திலிருந்து மேலே ஏற இருபத்தைந்து நிமிடம். படி கிடையாது. ஆடு நடந்த தடம் மட்டும்தான்.

மேலே ஏறினால் தட்டையான வெளி, அதனால்தான் தட்டுப்பாறை என்று பெயர். ஐந்நூறு கஜ நீளம், இருநூறு கஜத்துக்குக் குறைவான அகலம். நான்கு பக்கமும் செங்குத்தாக இறங்கும் பாறை. நடுநடுவே பள்ளங்களில் மண் தங்கி, கோரைப்புல்லும் சப்பாத்திக் கள்ளியும் முளைத்திருந்தன. அந்த மண் திட்டுகளில்தான் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு பால் டப்பா புதைத்திருந்தார். குழியைச் சுற்றிப் புல்தரைக்குப் பதிலாக, ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை மணலில் கலந்து கெட்டித்த கறுப்பு வட்டம். பந்து அதில் நன்றாக உருண்டது.

"புல்லு இல்லாத ஊரு. இருக்கறத வெச்சி செஞ்சிகினேன்" என்றார்.

விதிகளைச் சொன்னார். குறைந்த அடியில் ஒன்பது குழியையும் முடிப்பவருக்கு வெற்றி. பந்து பாறைக்குக் கீழே போனால் தேடக்கூடாது, ஓர் அடி அபராதம் சேர்த்துக்கொண்டு வேறு பந்து வைத்து ஆடலாம். பந்து நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், நகர்த்தினால் ஓர் அடி அபராதம். அவரவர் அடியை அவரவர் எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் அவர் எழுதுவார். நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக அவர் பெயர் மட்டும் இருந்தது. அன்றைய பக்கத்தில் முதல் முறையாக இரண்டு பத்தி கோடு போட்டிருந்தார். என் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

ஆறே முக்காலுக்குத் தொடங்கினோம்.

முதல் குழி 140 கஜம், லேசான இறக்கம். புதிதாக வருபவருக்குப் பயம் போவதற்காகவே அப்படி வைத்தாராம். இருவருக்கும் நான்கு. இரண்டாவது கள்ளிப் புதரைத் தாண்டி அடிக்க வேண்டும். நான் புதருக்குள்ளேயே அடித்தேன். முள்ளோடு போராடி ஆறு, அவருக்கு நான்கு. மூன்றாவதற்கு முன்னால் ஒரு சுனை. தை மாதமானாலும் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. 90 கஜம்தான். என் பந்து சுனையைத் தாண்டி வட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. மூன்றில் முடித்தேன், அவருக்கு நான்கு. நான்காவதுதான் மிக நீளம், 310 கஜம். முழுக்க எதிர்க்காற்று. இருவரும் ஆறு. நான்கு குழி முடிவில் அவர் ஓர் அடி முன்னால்.

ஐந்தாவதில் நடந்ததை எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. தெற்கு விளிம்பை ஒட்டிப் போகும் 200 கஜம். என் இரண்டாவது அடியில் பந்து ஒரு பாறை வெடிப்பில் போய்ச் செருகிக்கொண்டது. ஜப்பார் பாய் அந்தப் பக்கம் கோரைக்குள் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் செருப்பு நுனியால் என் பந்தை ஒரு சாண் தள்ளி மண்ணில் விட்டேன். யோசித்துச் செய்ததாக நினைவில்லை. கால் தானாகப் போய்விட்டது, அவ்வளவுதான். அவர் வந்து "எத்தினி சார்?" என்று கேட்டபோது "ஐந்து" என்றேன். அவருக்கும் ஐந்து. எழுதிக்கொண்டார்.

ஆறாவது குழியின் தொடக்க இடத்தில் எல்லோரும் கொஞ்சம் உட்கார வேண்டும். மேற்கே ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் எதிரே நிற்கின்றன. காணும் பொங்கல் கூட்டம் படிகளில் ஏறுவது வண்ணவண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தது. சுற்று வட்டாரத்தில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் அன்று கோட்டையில்தான். எங்கள் பாறையில் எங்களைத் தவிர ஆடு மேய்க்கும் ஓர் அம்மாள் மட்டும் இருந்தார். அஞ்சலை என்று பெயர், அடிவாரத்துக் குடிசையில் இருப்பவர். "பண்டிகைக்குப் போவலியா?" என்று ஜப்பார் பாய் கேட்டதற்கு, "ஆடு இன்னா, பண்டிகைனு பட்டினி கெடக்குமா?" என்றார்.

ஆறாவதில் இருவருக்கும் நான்கு. ஏழாவது ஒரு பிளவுக்கு மேலாக அடிக்கும் 110 கஜம். அங்கே எனக்கு மூன்று, அவருக்கு நான்கு. கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு முப்பத்தொன்று. ஜப்பார் பாய் நோட்டை இரண்டு முறை சரிபார்த்தார். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு சமநிலைக்காக யாரிடமும் நான் பார்த்ததில்லை.

"நாலு வருஷத்துல இப்பதான் சார் எனக்கு ஜெயிக்கணும்னு தோணுது" என்றார்.

எட்டாவது குழி வடக்கு விளிம்பிலிருந்து பத்தடியில் இருக்கிறது. அவர் அடித்த பந்து வட்டத்தைத் தாண்டி உருண்டு, விளிம்புக்கு அப்பால் சரிவில் ஒரு புல் கொத்தில் நின்றது. பார்த்தால் தெரிகிறது, கை எட்டாது.

"விட்டுடுங்க பாய். அபராதம் ஒண்ணுதானே" என்றேன்.

"சமமா இருக்குது சார். ஒண்ணு போனா போச்சி" என்று சொல்லிக்கொண்டே டயர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபடி இறங்கினார்.

பாறை மேல் பொடிக்கல் இருந்திருக்கிறது. சறுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு அடிக்குக் கீழே ஒரு கட்டில் அளவுத் திட்டில், காட்டு ஆலங்கன்று ஒன்றைப் பிடித்தபடி கிடந்தார். வலது பாதம் வேறு திசையில் திரும்பியிருந்தது. அந்தத் திட்டுக்குக் கீழே எண்பது அடி ஒன்றுமே இல்லை.

நான் "பாய், பாய்" என்று கூப்பிட்டதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அஞ்சலைதான் தொரட்டுக்கோலோடு ஓடி வந்தார். விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தார்.

"யோவ் பாய், அந்த ஆலங்கன்ன வுட்றாத. அசையாத" என்றார். பிறகு என்னிடம், "நான் சுத்திக்கினு கீழ போறேன், பக்கத்துல ஆட்டுத்தடம் ஒண்ணு இருக்குது. நீ படுத்துக்கினு இந்தக் கோலை உள்ள வுடு. அவரு புடிச்சிக்கட்டும். இழுக்காத. சும்மா புடி, போதும்" என்றார்.

படுத்தேன். தழை பறிக்கும் அந்த நீளக் கோலின் கொக்கியை ஜப்பார் பாய் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம் இருக்கும். அவர் முகம் எனக்கு நேர் கீழே. வலியில் கண்ணை மூடித் தொழுதுகொண்டிருந்தார். ஒரு முறை கண்ணைத் திறந்து, "பந்து கீழ போயிடுச்சா சார்?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன்.

அஞ்சலை பக்கவாட்டில் தோன்றினார். ஓரடி அகலத் தடம். தன் முந்தானையை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டி, அவரை உட்கார்ந்தபடியே நகர்த்தி, அங்குலம் அங்குலமாக வெளியே கொண்டுவந்தார். எனக்கு உயரம் என்றால் பயம். ஆனாலும் கடைசி இருபதடிக்கு நானும் போய் மறுபக்கம் தாங்கிக்கொண்டேன். மேலே வந்ததும் அஞ்சலை மூச்சு வாங்க அவரைத் திட்டினார்.

"ஒரு பந்துக்காவா எறங்குன? என் ஆடு கூட அங்க எறங்காது."

அடிவாரம் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வண்டியில் படுக்க வைத்தோம். அஞ்சலை ஆடுகளிடம் திரும்பிப் போனார். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் ஜப்பார் பாய் நோட்டைக் கேட்டார். "எட்டாவது முடிக்கல. ஏழு வரைக்கும் சமம்னு எழுதிடுங்க சார். மொத ஆட்டமே சமம்" என்றார். பென்சிலை வாங்கினேன். எழுத வரவில்லை.

ஐந்தாவது குழியில் செய்ததைச் சொன்னேன்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அவர் மெதுவாகச் சொன்னார்:

"தனியா ஆடுறப்ப பாக்க யாரு இருக்காங்க? எனக்கும் எத்தினியோ தபா தோணிருக்குது சார். ஒரு நாளும் தள்ளினதில்ல." பிறகு, "நான் ஒண்ணு முன்னால இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பந்த வுட்டிருப்பேன்" என்றார்.

அபராதம் ஓர் அடி சேர்த்து என் பத்தியில் ஐந்தை ஆறாக்கினேன். கூட்டுத்தொகை முப்பத்திரண்டு. சரியாகத் திருத்தினேனா என்று வாங்கிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்று மதியம் அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு என்று முதல் நாளே பேச்சு. அதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஹோட்டலில் முக்கால் ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. தட்டுப்பாறை இன்றும் இருக்கிறது, கல் உடைக்க யாரும் தொடவில்லை. கறுப்பு வட்டங்கள் மழையில் கரைந்துவிட்டன. நான் கடைசியாகப் போனபோது மூன்றாவது, ஆறாவது குழிகளில் டப்பாவின் விளிம்பு தெரிந்தது. மார்கழி, தை இரண்டு மாதமும் நல்லது. மாசிக்கு மேல் பாறை கொதிக்கும், ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். ஆறரைக்குள் மேலே இருங்கள், பத்துக்குள் இறங்கிவிடுங்கள். சுனைத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல, ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துப் போங்கள். ரப்பர் அடியுள்ள ஷூ அவசியம். வடக்கு விளிம்பில் பொடிக்கல் இப்போதும் உண்டு. தனியாகப் போக வேண்டாம்.

அடுத்த தையில் நான் மறுபடி போனேன். முன்கூட்டியே கார்டு போட்டிருந்தேன், பதில் வரவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றபோது அவர் ஒரு லாரிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நாளைக்கு ஆறு மணி" என்றார். லேசாக நொண்டினார், ஆனால் என்னைவிட வேகமாகப் பாறை ஏறினார். அஞ்சலை தூரத்தில் இருந்தே எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒன்பது குழியையும் ஆடினோம். எட்டு முடிந்தபோதே அவர் ஐந்து அடி முன்னால் இருந்தார். கடைசிக் குழியில் நான் கள்ளிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் நோட்டை எடுத்து "ஏழு" என்று எழுதப் போனார்.

"எட்டு பாய். கள்ளிக்குப் பின்னால ஒண்ணு பந்துல படாம காத்துல போச்சு. நீங்க பாக்கல" என்றேன்.

எட்டு என்று எழுதினார். நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மட்டைகளைக் கட்ட ஆரம்பித்தார்.

"பஸ்ஸு மூணு மணிக்குத்தான்" என்றார். "வூட்ல சோறு ஆக்கச் சொல்லியிருக்கேன். சாப்டுட்டுப் போலாம் வாங்க."