இருநூற்றுப் பதினான்கு முயற்சிகள்

அம்மாவுக்குக் கொடுத்த மெமோவில் இரண்டே வரிகள். ‘பதினோரு நாட்களாக மின்னஞ்சல்களுக்குப் பதில் அனுப்பவில்லை. இந்த அலட்சியத்துக்கு விளக்கம் தேவை.’ விளக்கம் கொடுக்க அம்மா இப்போது இல்லை. நான் கொடுக்கிறேன்.

மருத்துவமனைக் கட்டில்கள் விற்கும் சின்ன அலுவலகம் அது. ஒன்பது பேர், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தட்டச்சு தெரியும் என்று இருபத்து நான்கு வயதில் அம்மாவை எடுத்தார்கள். டைப்ரைட்டர் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் மெயில் வந்தது. ஒவ்வொன்றையும் திட்டு வாங்கியபடியே கற்றுக்கொண்டாள். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சக்கரம் கழன்றது என்று புகார் எழுதும் நர்சுகளின் வார்டு எண்கள்கூட மனப்பாடம். முப்பத்தொரு வருடத்தில் அவள் மேல் ஒரு மெமோ கிடையாது.

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். மேனேஜர் ஒரு லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினார், வீட்டிலிருந்தே மெயில் பார்க்கலாம் என்று. பெரிய மனசு என்றாள் அம்மா. முதல் நாளே மெயில் திறக்கவில்லை.

எனக்குப் போன் செய்தாள். வேறு ஊரில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

“வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு கண்ணு. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது.”

பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டிருப்பாய் என்றேன். ஆறு முறை அடிக்கவைத்தேன். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பாஸ்வேர்டு தப்பென்றால் தப்பு என்று உடனே பதில் வரும். சுற்றிக்கொண்டே இருந்தால் சர்வர்வரை போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். இந்த வேலையில் முதல் வாரம் கற்றுக்கொள்வது இது. முகம் தெரியாத யாராவது சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். சொன்னது அம்மா. அப்புறமும் நாலு முறை கூப்பிட்டாள். அதே பதில்தான் சொன்னேன். அவளுக்குத் துணையாக வந்திருந்த சித்தி அத்தனையையும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேனேஜரிடமும் அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் ஸ்பீக்கரில் போட்டு, அலுவலகமே கேட்கும்படி சொன்னாராம்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எங்களுக்கெல்லாம் திறக்குதே, உங்களுக்கு மட்டும் என்னம்மா?”

எல்லாரும் சிரித்தார்களாம். மறுநாள் மெமோ வந்தது. அதற்கு மறுநாள் அம்மா அலுவலகத்துக்கே கிளம்பிவிட்டாள். சித்தி தடுத்தும் கேட்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

முப்பத்தாறு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என் வேலை என்னவென்று அம்மா சொல்லி அவருக்குத் தெரியும். வெளியூர் போன இடத்தில் அவருடைய மெயில் திறக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சர்வர் மாற்றியவர் போனை எடுப்பதில்லை, நான் ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

போனேன். காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆனது. வெளியிலிருந்து வரும் மெயில் இணைப்பை உள்ளே எந்த இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஃபயர்வாலில் ஒரு விதி இருக்கும். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறார்கள். விதியை யாரும் தொடவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த விதி தேவையே இல்லை, அதனால் அவர்களுக்குத் திறந்தது. வெளியிலிருந்து வந்ததெல்லாம் இல்லாத இயந்திரத்தைத் தேடிப் போனது. மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண்.

மாற்றுவதற்கு முன் ஃபயர்வாலின் பழைய பதிவுகளைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து இருநூற்றுப் பதினான்கு முயற்சிகள். தினமும் முதல் முயற்சி காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு. ஒரு மணிக்கு நிற்கிறது, ஒன்றரைக்கு மறுபடி தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகூட இருபத்தொன்பது. அலட்சியமாம்.

அச்செடுத்து மேனேஜர் மேசையில் போட்டேன். மெமோவை ரத்து செய்து எழுதிக் கொடுங்கள், அப்புறம்தான் எண்ணை மாற்றுவேன் என்றேன்.

“போனவங்க மேல இருக்கற மெமோ இனிமே யாரைம்மா கடிக்கப் போகுது?”

“என்னைக் கடிக்குது சார்.”

முதல் கடிதத்தில் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று எழுதினார். கிழித்தேன். இரண்டாவதில் வருத்தம் மட்டும் இருந்தது, தவறு யாருடையது என்று இல்லை. அதையும் கிழித்தேன். மூன்றாவதை நான் சொல்லச் சொல்ல அவர் இரண்டு விரலால் அடித்தார். தவறு அலுவலகத்துடையது. ஊழியர் பதினோரு நாளும் முயன்றார். மெமோ ரத்து. கையெழுத்து, முத்திரை.

எண்ணை மாற்றினேன். வைஃபையை அணைத்துவிட்டுப் போனில் பார்க்கச் சொன்னேன். திறந்தது. நன்றி சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் சித்தியிடம் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

“ஆபீஸ் தப்புன்னு எழுதி வாங்கிட்டே. சரி. அவளை ஆறு தடவை அடிக்க வச்சது எந்த ஆபீஸ்டீ?”

முத்திரைக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.