சீற்றைக் கழற்றாத நாள்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போவது, பிறகு ஏசுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. ஓர்ஸ் ஹில்லில் கராஜ் போட்டுப் பதினெட்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இதே தொழிலில் கிடந்து சாகிறவர்களே, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. "பாஸ், ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ" என்று கூப்பிடுவார்கள். பார்ப்போம், சொல்வோம். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

சூடான எஞ்சின்

கந்தோரில் வேலை செய்யும் ஒருவரோடு காலையிலேயே போனேன். விற்கிறவரின் வாசலில் நின்ற பைக்கின் எஞ்சினைத் தொட்டால் கை சுட்டது. ஆறிக் கிடக்கும் எஞ்சின் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று, முதலே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார். "இது ஒயில் குடிக்கிற எஞ்சின், வேண்டாம்" என்று கந்தோர்க்காரரின் காதோடு சொன்னேன். அவருக்குச் சிவப்பு நிறம் பிடித்துவிட்டது. அன்றைக்கே எடுத்தார்.

ஒரு கிழமையில், வேர்த்து விறுவிறுக்க அதைத் தள்ளிக்கொண்டு வந்து என் கராஜில் விட்டார். நான் குனிந்து ஒயில் பார்த்தேன். அவர் சொன்னார்: "நீங்கள் அண்டைக்குக் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம் பாஸ்."

கறுப்புப் பெயின்ற்

வெருகல் பக்கத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். பின்னால் மீன் பெட்டி கட்டி ஓடின பைக். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் வருடக்கணக்காகச் சொட்டி, ஆள் இருக்கும் சீற்றுக்குக் கீழே, பாரம் தாங்கும் சேசி இரும்பைக் கறல் தின்றிருந்தது. ஸ்பானரால் தட்டினேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், இது டொக்கென்றது. பெட்டி கட்டின கயிறு அறுத்து, இரண்டு பக்கமும் பள்ளம் வேறு. வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைத்து வெல்டிங் பண்ண வேண்டும் என்றேன். அவருக்குத் தேவைப்பட்டது கறுப்புப் பெயின்ற் மட்டும். என்னால் ஏலாது என்றேன். கோபிக்கவேயில்லை, சிரித்துக்கொண்டே போனார். "விக்கப்போற சாமானுக்கு என்னத்துக்கு பாஸ் வைத்தியம்?"

தோப்பூரில் சாப்பாடு

விமலன் என் கராஜுக்குப் பக்கத்து வீடு. மனைவி சுகந்திக்குக் கிண்ணியாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தது. பஸ்ஸை நம்பினால் பாதி நாள் முதல் பாடம் போய்விடும். தினமும் அவளைக் கொண்டுபோய் விட ஒரு பைக் வேண்டும். தோப்பூரில் ஒரு கமக்காரரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு விமலனும் நானும் போனோம்.

நல்ல மனிதர். அவரும் அதை வேறொருவரிடம் வாங்கி மூன்று மாதம்தான். "முதல்ல சாப்பிடுங்க தம்பி, பைக் எங்கயும் ஓடிப்போகாது" என்று கதிரை இழுத்துப் போட்டார். ஆற்று மீன் குழம்பு, தயிர், பிறகு தேத்தண்ணி. சாப்பிட்டு எழும்பி எஞ்சின், பிரேக், செயின், பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம் எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி. சேசி மட்டும் புதுக் கறுப்பில் மினுங்கியது. மனம் உறுத்தியது. சீற்றைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன்.

விமலன் என் கையைப் பிடித்தான். "வேண்டாம் பாஸ். சோறு தந்த மனுசன். சந்தேகப்படுற மாதிரி இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வயிறு நிறைய அவருடைய சோற்றை வைத்துக்கொண்டு அவருடைய பைக்கைத் தட்டிப் பார்க்கக் கூச்சம். ஸ்பானரைத் திரும்பப் பொக்கற்றுக்குள் போட்டேன். "எடுக்கலாம்" என்று சொன்னதும் நான்தான்.

டொக்

ஒன்றரை மாதம் ஓடியது. ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் சிறு பள்ளம் ஒன்றில் விழுந்து எழும்பும்போது சேசி பின்பக்கம் முறிந்தது. விமலனுக்குச் சிராய்ப்பு. பின்னால் இருந்த சுகந்திக்கு இடுப்பெலும்பு.

பைக்கை லொறியில் ஏற்றி என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். சீற்றைக் கழற்றினேன். கறுப்புப் பெயின்றுக்குக் கீழே, இரண்டு பக்கமும் மீன் பெட்டிக் கயிறு அறுத்த பள்ளம். என் கையாலேயே தட்டிப் பார்த்து, என் வாயாலேயே ஆகாது என்று சொன்ன அதே சேசி.

சுகந்தி வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். விமலன் பாவம், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தான்: "நான்தானே பாஸ் கையைப் பிடிச்சனான்." சுகந்தி கட்டிலில் படுத்தபடி, கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்: "அவர் பிடிச்சார் சரி. நீங்கள் ஏன் விட்டனீங்கள்?"

இப்போதெல்லாம் பைக் பார்க்க எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சீற்றைக் கழற்றிவிடுகிறேன். உள்ளே தேத்தண்ணி ஆறிப்போகிறது, மரியாதை தெரியாதவன் என்று எனக்குப் பெயரும் வந்துவிட்டது.