பேரில் இருந்த மொழி

செய்தி வந்தபோது நாமக்கல் பேருந்து நிலையத்தில் டீக்கடை முன்பு நின்றுகொண்டிருந்தேன். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த வண்டி ஓரமாக நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "கண்டக்டருங்க, நம்ம மலையாளி போயிட்டாருங்க. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சுருச்சு." கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "கேரளாக்காரருங்களா?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

இல்லை என்று அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. அழுகை முட்டிக்கொண்டு நிற்கும்போது விளக்கம் சொல்வது எரிச்சலான வேலை. கொல்லிமலையில் பரம்பரையாக வெள்ளாமை செய்கிறவர்களுக்கு மலையாளி என்றுதான் பெயர். சாதிச் சான்றிதழிலும் அப்படியே இருக்கும். மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்கள் பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேசுவது நம் தமிழ்தான். ஆனால் எங்கள் டிப்போவில் அந்த மலைக்காரர்கள் பலர் இருந்தும், மலைமேல் வளப்பூர் நாடு என்ற ஊர்ப்பகுதியைச் சேர்ந்த சீரங்கன் அண்ணனுக்கு மட்டும் அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் ஓட்டிய வண்டியில் போய் வந்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு சபரிமலை சீசன். சிறப்புப் பேருந்துக்கு டூட்டி போட்டவர் புதிதாக வந்தவர். பதிவேட்டில் 'மலையாளி' என்று பார்த்ததும் மகிழ்ந்துபோய், "பாஷை தெரிஞ்ச ஆளே இருக்கிறாரே" என்று அண்ணன் பெயரை எழுதிவிட்டார். கண்டக்டராக என்னையும் சேர்த்து அனுப்பினார். எல்லை தாண்டி ஒரு முச்சந்தியில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி என்னவோ கேட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் போலீஸ்காரர் பொறுமை இழந்து, "மலையாளம் சம்சாரிக்குமோ?" என்றார். பேசத் தெரியுமா என்பது கேள்வி. அண்ணன் மிகப் பணிவாக, "சம்சாரம் ஊட்டுல இருக்குதுங்க. நான் மட்டுந்தான் வந்தேன்" என்றார். போலீஸ்காரருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. சிரித்துவிட்டு வழிவிட்டார். வண்டியிலிருந்த சாமிகள் எரிமேலி வரைக்கும் சிரித்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் கதை டிப்போ முழுக்கப் பரவியது. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. யார் கேலி செய்தாலும், "பேருல இருக்குதுங்க, வாயிலதான் வரமாட்டேங்குது" என்பார். அப்போது அது வெறும் வேடிக்கைதான்.

அது வேடிக்கையாக இல்லாமல் போன நாளும் எனக்கு நினைவிருக்கிறது. செம்மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவருடைய போன் அடித்தது. எடுத்தார், முகத்தைச் சுளித்தார், "அம்மாவெல்லாம் இல்லீங்க கண்ணு, நான் ஆம்பள. ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. "யாரோ ஒரு புள்ள, எடுத்ததும் அம்மாவா, அம்மாவான்னு கேக்குதுங்க" என்று போனை என் கையில் கொடுத்தார். நான் காதில் வைத்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் பெயர் அம்பிளி. கோட்டயம். அவளுடைய அம்மா பெயர் செல்லாயி. அவர்கள் பக்கத்தில் தாய்மாமனை அம்மாவன் என்பார்களாம். 'அம்மாவா' என்று அவள் கூப்பிட்டது இவரைத்தான்.

செல்லாயி என்ற பெயரை நான் திருப்பிச் சொன்னதும் அண்ணன் சோற்றில் இருந்த கையை எடுக்கவே இல்லை. அவருடைய ஒரே தங்கை. பலாப்பழ லோடு ஏற்ற வந்த கேரள லாரி டிரைவரோடு போனவள். அப்பன் ஆத்தாள் தலைமுழுகிவிட்டார்கள். அங்கே ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அது நடக்கப் பழகுவதற்குள் காய்ச்சலில் செத்துப்போனாள் என்ற தகவல் மட்டும் எப்போதோ வந்து சேர்ந்தது. அந்தக் குழந்தைதான் வளர்ந்து, மலைக்குச் சுற்றுலா வந்து போன ஒரு வேன்காரர் மூலம் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அன்று அவள் கேட்டதில் அண்ணனுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: அம்மா எப்படி இருந்தாள்? அவளிடம் இருந்ததெல்லாம், விறைப்பாக நின்றுகொண்டு எடுத்த ஒரு கல்யாணப் படம்.

அதன் பிறகு வாரம் தவறாமல் பேசிக்கொண்டார்கள். அம்பிளி என்றால் நிலா. இவர் 'அம்புலி' என்றே கூப்பிட்டார். சாப்பிட்டாயா, மழையா, உடம்பு எப்படி என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர் கொஞ்சம் வேகமாகப் பேசினால் அவளுக்குப் புரியாது; அவள் பேசினால் இவருக்குப் பாதி தப்பிப் போகும். "தமிழும் மலையாளமும் அக்கா தங்கச்சிதானுங்களே, எதுக்கு இத்தன கவலை?" என்று ஒருநாள் கேட்டேன். "சாப்டியான்னு கேக்கறதுக்குப் பாசை எதுக்குங்க? அவங்கம்மாளப் பத்திச் சொல்றதுக்குத்தான் வேணும். அவகூடப் பொறந்து வளந்தவன்னு நான் ஒருத்தன்தான் பாக்கி" என்றார்.

பேருந்து நிலையத்தில் ஒரு கேரளத்துக்காரர் பேக்கரி வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் சேட்டன். அவரிடம் அண்ணன் பாடம் கேட்க ஆரம்பித்தார். வண்டி புறப்படும் முன் ஒரு வாக்கியம் வாங்கிக்கொள்வார். காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கியதும் வாய் முணுமுணுக்கும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது குரல் கொஞ்சம் உயரும். ஒரு முறை மிளகு மூட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்துபோய், "ஏனுங்க, டிரைவரு மந்திரம் சொல்லிக்கிட்டு ஓட்டறாரு, பிரேக்கு கிரேக்கு புடிக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்டார். "மந்திரமில்லீங்க அம்மிணி, எங்க சாதிப் பாசை" என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.

பல வாக்கியங்கள் வந்தன, போயின. ஒன்று மட்டும் போகவில்லை. "நின்டெ அம்ம சிரிக்கும்போள் கண்ணடயும்." உன் அம்மா சிரிக்கும்போது கண் மூடிக்கொள்ளும். செல்லாயிக்கு அப்படித்தானாம். "சிரிப்பு வந்தா கண்ணு ரெண்டும் காணாமப் போயிரும். சிரிச்சுக்கிட்டே நடந்து வந்து வரப்புல உளுந்துருவாளுங்க" என்று சொல்லி அவரும் சிரிப்பார். சேட்டன் ஒரு திருத்தம் சொன்னார். செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசும்போது அப்படி முடிக்கக் கூடாது. 'கண்ணடயுமாயிருந்நு' என்று சொல்ல வேண்டும், மூடிக்கொள்ளும் என்பது இருக்கிறவர்களுக்கு, என்றார். அண்ணன் இரண்டு மூன்று வளைவு வரை அதைச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அந்த வாலு எனக்கு வேண்டாங்க" என்றார். அதன் பிறகு சேட்டன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

இத்தனை பாடுபட்ட அந்த வாக்கியத்தை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. போனில் பேசும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நேர்ல வந்து சொல்றேன் கண்ணு" என்று முடித்துவிடுவார். ஓய்வு பெற்றதும் கோட்டயம் போவதாக இருந்தார். ஓய்வும் பெற்றார். போகவில்லை. போன் செய்து திட்டினேன். "இன்னுங் கொஞ்சம் கத்துக்கறனுங்க. நான் அரைகுறையாப் பேசி, அவங்கம்மாள அரைகுறையாக் காட்டக் கூடாதுங்களே" என்றார். இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபமாகத்தான் இருக்கிறது. அரைகுறையாகவே போயிருக்கலாம், அண்ணா. அவள் உங்களைப் பார்த்திருப்பாள்.

காரியத்துக்கு அம்பிளி வந்திருந்தாள். வளப்பூர் நாட்டில், அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் அவளை நடுவில் உட்காரவைத்து, குச்சிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்து, "தின்னு சாமி, தின்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. நான் யார் என்று அண்ணி சொன்னதும் எழுந்து என்னிடம் வந்தாள். போனில் அன்று கேட்ட அதே நிதானத்தோடு, தமிழும் மலையாளமுமாகச் சேர்த்துக் கேட்டாள்: "அம்மாவன் எப்போழும் நேர்ல வந்து சொல்றேன், நேர்ல வந்து சொல்றேன் என்னு பறயும். எந்தாணு அது? உங்களுக்கு அறியாமோ?"

அது என்ன என்று கேட்கிறாள். எனக்குத் தெரியும். என் காதுக்குப் பக்கத்திலேயே மலை ஏறி இறங்கிய வாக்கியம். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நின்டெ அம்ம சிரிக்கும்போள் கண்ணடயும்."

அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். எங்கள் பக்கத்து இழுவையில் அந்த மலையாளம் அவளுக்கு எப்படிக் கேட்டதோ, கண்ணீர் வழிய வழியச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடாயிற்றே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்த அண்ணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "அய்யோ சாமி, இது செல்லாயியல்லோ" என்றார். நான் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் இரண்டையும் காணவில்லை.

சீரங்கன் அண்ணனை அறிந்தவர்கள் ஆளுக்கு ஒரு நினைவை வைத்துக்கொண்டிருப்பீர்கள். வண்டி மலை ஏறும்போது இப்போது என் வாய்தான் முணுமுணுக்கிறது. புது டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். மலையாளத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு நானும் வால் சேர்ப்பதில்லை.