தாழ்வாரம் துடைக்கும் நேரம்

ரொவீனா பாப்டிஸ்ட்டின் சைக்கிள் வாசலில் வந்து நின்றால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி. எங்கள் நீகாத்தா நகரத்துக் கடற்காற்றை எதிர்த்து மிதித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய உள்ளே வந்து, அவள் சொல்லும் காலை வணக்கத்தில் ஆசிரியர் அறையே நிமிர்ந்து உட்காரும்.

நான் குவாபாரா தொமோயே. இந்த நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் என் பாடம். ரொவீனா டிரினிடாட்காரி, எனக்கு உதவி ஆசிரியை. உதவி என்பதெல்லாம் காகிதத்தில்தான். இலக்கணத்தை நான் போர்டில் எழுதிக் கிழிப்பேன். பிள்ளைகள் கொட்டாவி விடும். அவள் ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டினாலே வகுப்பு விழித்துக்கொள்ளும். பொறாமையா என்றால், ஆமாம், கொஞ்சம் இருந்தது. இப்போது பெருமைதான்.

மதியச் சாப்பாட்டை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகுப்போடு சாப்பிடுவாள். மேசை இழுப்பறையில் ஊரிலிருந்து வந்த மிளகாய்ச் சாறு ஒரு பாட்டில் இருக்கும். துணைத் தலைமையாசிரியர் நெமோத்தோ ஒருநாள் வீம்புக்கு அதை ருசி பார்த்துவிட்டு, அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவோம். அவ்வளவுதான், பிள்ளைகள், ஆசிரியர்கள் எல்லோரும் துணியை நனைத்துக்கொண்டு தரையைத் துடைக்க இறங்கிவிடுவோம். எங்கள் பள்ளிகளில் அது தினசரி வழக்கம். வந்த முதல் வாரம் ரொவீனாவை யாரும் கூப்பிடவில்லை. அவளுடைய ஒப்பந்தத்தில் துடைக்கிற வேலை கிடையாது. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவள் இரண்டே நாளில் பொங்கிவிட்டாள்.

"நெமோத்தோ சார், என்னை மட்டும் விருந்தாளி மாதிரி உக்கார வச்சிட்டுப் போறீங்களே, நியாயமா?"

"அது இல்லம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"சிரமமா? இப்படித் தனியா உக்கார்றதுதான் சார் சிரமம்!"

அன்றிலிருந்து மாடித் தாழ்வாரம் அவளுடையது. பிள்ளைகள் துணிமேல் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அவளும் ஓடுவாள். எங்கள் மொழியை ஓரளவு நன்றாகவே பேசுகிறவள், அங்கே மட்டும் அதைப் பேச மாட்டாள், ஆங்கிலம்தான். ஏன் என்று கேட்டதற்கு, "குனிஞ்சா எனக்கு உங்க பாஷை மறந்துபோகுது" என்றாள். சரியான கள்ளி!

போன குளிர்காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். இனி ஆளுக்குப் பதில் திரையில் பாடம் நடத்தலாமாம். கல்வி அலுவலகத்திலிருந்து இகாராஷி என்ற அதிகாரி வந்து ஒரு வகுப்பைப் பார்த்து முடிவு சொல்வார். அவர் தலையாட்டாவிட்டால் மார்ச் மாதத்தோடு ரொவீனா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"எனக்குப் போக மனசில்ல தொமோயே. என் வீடு இங்கதான் இருக்கு" என்றாள்.

நெமோத்தோ பயந்துபோய், அதிகாரி முன்னால் யார் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வரிவரியாக உருப்போட வைத்தார். எங்கள் ஊர் வழக்கம் அது. ரொவீனா வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள், கேட்டால்தானே!

அந்த நாளும் வந்தது. கோட்டுப் போட்ட இகாராஷி பின்னால் நின்றார். பிள்ளைகள் பொம்மை மாதிரி எழுந்து, ஒப்பித்து, உட்கார்ந்தார்கள். மனிதர் சும்மா இருந்திருக்கலாம். முன்னால் வந்து, சச்சிஹோ என்ற பெண்ணிடம், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். அது உருப்போட்டதில் இல்லையே! நாலு பேர் முன்னால் தப்பாகச் சொல்வதைவிட வாயை மூடிக்கொள்வதே மேல் என்று வளர்ந்த பிள்ளைகள். சச்சிஹோ தூண் மாதிரி நின்றாள். வகுப்பே தலை குனிந்தது. ரொவீனா சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அவள் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது.

சாப்பிட்டுவிட்டு இகாராஷி கிளம்பினார். மாடித் தாழ்வாரத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு, திரையை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று நெமோத்தோவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது துடைக்கிற பாட்டு ஒலித்தது.

கோடியிலிருந்து ஒரு துணி சீறிக்கொண்டு வந்தது.

"எக்ஸ்கியூஸ் மீ! யுவர் ஃபீட், ப்ளீஸ்!"

சச்சிஹோ! அதிகாரி பதறிப்போய் ஒரு குதி குதித்தார். அவர் நின்ற இடத்தைத் துடைத்துக்கொண்டே போனவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"ரொவீனா டீச்சர்! யூ ஆர் டூ ஸ்லோ!"

"மை நீஸ் ஆர் ஓல்ட்!"

"நோ! யூ ஈட் டூ மச் கறி!"

தாழ்வாரமே கொல்லென்று சிரித்தது. ஆளாளுக்கு ஆங்கிலத்தில் கேலி செய்தார்கள். பாதி தப்பு, யார் கவலைப்பட்டார்கள்?

இகாராஷி சச்சிஹோவை நிறுத்தி எங்கள் மொழியில் கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சுமா வகுப்புல வாயே திறக்கல?"

அவள் புரியாமல் விழித்தாள். "இங்கிலீஷா? அது வகுப்புல சார். இது சும்மா ரொவீனா டீச்சர்கூடப் பேசிட்டிருக்கோம்."

அவர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "நெமோத்தோ சார், நாம பேசின திரை இங்க குனிஞ்சு துடைக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து போனார்.

மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி வந்தது. நெமோத்தோ அதை வைத்துவிட்டு, "இருக்கலாமாம்! ரொவீனா டீச்சர் இங்கேயே இருக்கலாமாம்!" என்று கூவினார். நான் கைதட்டியதில் என் தேநீர் கொட்டியது. கொட்டட்டும்! ரொவீனா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாங்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்து நின்றோம். துடைக்கிற பாட்டு ஒலித்தது கூட எங்கள் காதில் விழவில்லை.

கதவைத் திறந்துகொண்டு சச்சிஹோ தலையை நீட்டினாள். அவள் கையில் இரண்டு ஈரத்துணிகள்.

"டீச்சர்! யூ ஆர் லேட்!"