எந்தக் கியரில் நின்றது

கோவிந்தாபுரத்தில் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் என் டயர் கடை. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் சும்மா நிற்பதில்லை, எதையாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் படித்ததெல்லாம் அந்தப் பேச்சில்தான். "ஏறுன கியர்லயே எறங்கோணும்" என்பது மலைக்குப் போகிற லாரிக்காரர்கள் எல்லாரும் சொல்வது. இரண்டாம் கியரில் ஏறிய மேட்டை இரண்டாம் கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் உருட்டினால் அப்புறம் பிரேக்தான் தெய்வம்.

எலப்புள்ளியில் என் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். தென்னையும் நெல்லும் வைத்திருக்கிற விவசாயி. எங்கள் இருவருக்கும் பழைய லாரி என்றால் பைத்தியம். பழைய கார் சேர்க்கிறவனை ஊர் அண்ணாந்து பார்க்கும், லாரி சேர்க்கிறவனைப் பார்த்தால் சிரிக்கும். "மாடு வாங்கிக் கட்டியிருந்தா சாணியாச்சும் போட்டிருக்கும்" என்பாள் அவன் வீட்டுக்காரி. அவன் கேட்டுக்கொண்டே ஒரு துணியை எடுத்து ஹெட்லைட்டைத் துடைப்பான்.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் மூக்கு லாரி ஒன்று கிடக்கிறது என்று தெரிந்து இருவரும் போனோம். முன்னால் மூக்குப் போல எஞ்சின் நீண்டிருக்கும் பழைய ரகம். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு ஏற்றிக்கொண்டிருந்ததாம். எப்போதோ கவிழ்ந்துவிட்டது, டிரைவர் செத்துப்போனார் என்று மட்டும் சொன்னார்கள். கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுத்து வந்து ஒரு தகரக் கொட்டகையில் தள்ளியிருந்தார்கள். அதோடு யாரும் அதைத் தொடவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவு நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டாளி கடப்பாரையால் நெம்பித் திறந்து ஏறி உட்கார்ந்தான். நான் கீழே நின்று காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

எலப்புள்ளிக்குக் கொண்டுவந்து ஒன்றரை வருடம் உழைத்தான். கேபின் பாதி மரம். ஆசாரியைக் கூட்டிவந்து புதிதாகக் கட்டினான். கியர் பெட்டி சரிப்படாது என்று வேறொன்று தேடிப் பிடித்து மாட்டினான். ஓட ஆரம்பித்ததும் பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற இடத்துக்கு ஓட்டிப் போனான். யாரோ அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார். ஒரு நாள் மதியம் பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாள் ஒருவர் நேராக என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. போனை நீட்டி, "அண்ணே, இந்த லாரி வச்சிருக்கவுக வீடு எங்கிட்டு?" என்று கேட்டார். சாந்தன்பாறையிலிருந்து மூணாறு, உடுமலை என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். "ஓட்டிக்கிட்டிருந்தது எங்க வீட்டுக்காரரு" என்றார். கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

களத்தில் லாரி நின்றிருந்தது. அவர் அதைச் சுற்றி வரவில்லை, தொடவும் இல்லை. கூட்டாளியின் வீட்டுக்காரி கொண்டுவந்த மோரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பாரம் ஏத்திக்கிட்டு எறக்கத்துல வந்தாரு. வளைவுல போயிருச்சு. நியூட்ரல்ல உருட்டிட்டு வந்தான், மிச்சம் பிடிச்ச டீசல வித்துத் தின்னவன், அதான் போய்ச் சேந்தான்னு தோட்டத்துல சொல்லிட்டாக. அன்னைலேருந்து எங்க வீட்டுக்குப் பேரே நியூட்ரல் வீடு. எம் மகன் பள்ளிக்கூடம் போனப்பவும் நியூட்ரல்தான். இப்ப டூரிஸ்ட் ஜீப்பு ஓட்டுறான், ஸ்டாண்டுல இன்னும் அப்படித்தான் கூப்பிடுறாக. அவன் சிரிச்சுக்கிடுவான்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அதை நான் வெளியே சொல்லவில்லை.

"அவரக் கண்ணாடி வழியாத்தான் எடுத்தாக. கதவத் தெறந்து மொத ஏறுனது நீங்கன்னு சொன்னாக" என்று கூட்டாளியைப் பார்த்தார். "ஏறுனப்ப எந்தக் கியர்ல கெடந்துச்சு?"

கூட்டாளி தன் இடது கையைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. லாரியோடு பழகியவன் எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் முதலில் கை கியர் கம்பிக்குத்தான் போகும். ஆட்டிப் பார்க்கும், நியூட்ரலுக்குத் தள்ளும். கோயிலைக் கடக்கும்போது கை கன்னத்துக்குப் போவதுபோல அது பாட்டுக்கு நடக்கும். அன்றும் அவன் கை அதைத்தான் செய்திருக்கும். கியரிலிருந்து பிடுங்கியதா, நியூட்ரலிலேயே கிடந்ததை ஆட்டியதா என்று கேட்டால் ஆயிரம் தடவை செய்ததில் அந்த ஒரு தடவையை மட்டும் எங்கிருந்து எடுப்பது?

"தெரியலீங்கக்கா" என்றான். "கை போயிருக்கும். கண்டிப்பாப் போயிருக்கும். என்னன்னு நெனப்பில்லீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியா மாப்ளே?" என்றான்.

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த அம்மாள் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "சரி, பரவால்ல. இருந்தாக் கேப்போம்னுதான் வந்தேன்" என்றார். எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது. கூட்டாளி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒரு நிமிசம் இருங்க" என்றான்.

பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தவன் எதையும் எடைக்குப் போடமாட்டான். கழற்றிய கியர் பெட்டி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், துரு மேலும் ஏறாமல் இருக்கப் பழைய ஆயில் ஊற்றி, சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. திறந்து பார்க்கவே இல்லை. அவன் அந்த அம்மாளிடம் பொறுமையாகச் சொன்னான். வண்டி கவிழ்ந்தபோது இதிலிருந்த ஆயில் வடிந்துபோயிருக்கும். மலைப் பனியில் இத்தனை வருடம் உள்ளே துரு ஏறியிருக்கும். உள்ளே தண்டின் மேல் நகரும் கியர் சக்கரம் அன்று எந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததோ அந்த இடத்தை மட்டும் மூடி வைத்திருக்கும். அங்கே துரு இருக்காது. பிறகு தன் கை அதைத் தள்ளியிருந்தாலும் தடம் போயிருக்காது.

"ஆனா ஒண்ணுங்கக்கா. தொறந்தா நீங்க நெனைக்கிறதும் தெரியலாம், அவங்க சொன்னதும் தெரியலாம். அப்புறம் மூட முடியாதுங்க."

அவர் களத்துப் பக்கம் பார்த்தார். களத்தில் காய்ந்த தேங்காய் மட்டையைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எம் பேரன் பேத்தியையும் அப்படித்தான் கூப்பிடுவாக" என்றார். "தெறங்க."

பெட்டியை இருவரும் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தோம். ஆயிலை வடித்தோம். மூடியைக் கழற்றியதும் கூட்டாளி டீசல் நனைத்த துணியால் தண்டை ஒற்றினான். அழுத்தித் தேய்க்கவில்லை, புண்ணைத் துடைப்பதுபோல ஒற்றினான். செம்பழுப்பாகத் துரு. நடுவில் ஒரே ஒரு இடத்தில், சக்கரத்தின் அகலத்துக்கு, இரும்பு வெளுப்பாகத் தெரிந்தது. அது நியூட்ரலுக்கான இடம் இல்லை. அவன் சக்கரத்தை அந்தத் தடத்தின் மேல் மெதுவாகத் தள்ளினான். இரண்டாம் கியரின் பல்லில் போய் விழுந்து நின்றது.

அவன் என்னைப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை.

"ரெண்டாங் கியருங்கக்கா. ஏறுன கியர்லயேதான் எறங்கியிருக்காரு. பிரேக்கு போயிருக்கும், இல்லாட்டி ரோட்டு ஓரம் இடிஞ்சிருக்கும். அது தெரியாது. ஆனா உருட்டிட்டு வரலீங்க."

அவர் அழுவார் என்று கூட்டாளியின் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் அழவில்லை. விரலை நீட்டி அந்த வெளுத்த இரும்பைத் தொட்டார். ஆயில் ஒட்டிய விரலைப் புடவையில் துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

"ரெண்டாங் கியரு எரைச்சல்ல கண்ணு அசராது. அப்ப தூங்கிட்டு வரல. உருட்டிட்டுக் கண்ண அசந்துட்டாரு, ஒண்ணும் தெரியாமப் போயிருப்பாருன்னு நெனச்சுத்தான் இத்தன வருசம் நான் தூங்குனேன். கடைசி வரைக்கும் முழிச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

கூட்டாளி துணியை மடித்துக் கீழே வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவரே நிமிர்ந்தார். போனை எடுத்து மகனின் எண்ணை அழுத்திக் கூட்டாளியிடம் கொடுத்தார். "நீங்க சொல்லுங்க தம்பி. நான் சொன்னா ஆத்தா ஆறுதலுக்குச் சொல்லுதுன்னு நெனைப்பான். ரெண்டாங் கியர்ல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. முழிச்சிருந்ததச் சொல்ல வேணாம்."

கூட்டாளி தென்னை மரங்கள் பக்கம் நடந்துபோய்ப் பேசினான். பேசியதைவிடக் கேட்டுக்கொண்டு நின்றதுதான் அதிகம். திரும்பி வந்து போனைக் கொடுத்தான். "சொல்லிட்டனுங்க. சந்தோசப்பட்டாப்ல" என்றான். தண்டைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். ஸ்டாண்டில் காட்ட வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல கனம். தூக்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் ரோட்டோரம் நின்றோம். மகன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"டிரைவராச்சே மாப்ளே அவனும்" என்றான் கூட்டாளி. "ரெண்டாங் கியருன்னு சொன்னதும் தடம் தெளிவா இருந்துச்சான்னு ரெண்டு தடவ கேட்டான். அப்புறம், அப்ப அப்பா முழிச்சிட்டுத்தான் இருந்திருக்காரு, இல்லண்ணேன்னான். நான் ஆமான்னேன். அத மட்டும் அம்மாகிட்டச் சொல்லிராதீங்கண்ணே, அது தாங்காதுன்னான்."